வெள்ளிக்கிழமைப் பொட்டலம்

எனக்குக் கோபம் ஜாஸ்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பாதியில், என்ன இந்தப் பெண் இப்படி எகிறுகிறாள் என்று யாரும் கேட்கக் கூடாது. திரௌபதி என்று பேர் வைத்துவிட்டு அடக்கமாக இரு என்றால் நான் என்ன செய்ய?

1981-ஆம் வருஷம். எனக்குப் பதினேழு வயது. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் இரண்டாவது. எப்போதும் இரண்டாவது. முதலாவது சந்திரகலா. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி அவள் வீடு. ஒரு மார்க், இரண்டு மார்க்கில் என்னைத் தாண்டிப் போய்விடுவாள். அவள் என் எதிரியாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். என் பெஞ்சில் உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து பாதிச் சோற்றைச் சாப்பிடுகிற சிநேகிதி. அவளை எங்கே திட்டுவது?

அந்த வருஷம் வேலூரில் ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வட ஆற்காடு மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் வேதியியல் போட்டி. ஒரு பள்ளிக்கு ஒரே ஆள். எழுத்துத் தேர்வு எல்லாம் கிடையாது, ஒரு பொடியைக் கையில் கொடுத்து இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். எங்கள் வேதியியல் டீச்சர் மணியம்மாள் அதை வகுப்பில் படித்து முடித்துவிட்டு நேராகச் சந்திரகலாவைப் பார்த்தார். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டீச்சர், நானும் பேர் குடுக்கறேன்" என்று எழுந்து நின்றேன்.

"நீயா? நீ தொட்டா டெஸ்ட் டியூப் தானா ஒடையுமே" என்றார் டீச்சர். வகுப்பு சிரித்தது. "திரௌபதி, உனக்கு மூள கம்மின்னு நான் சொல்லல. பொறும கம்மி. உப்பு கண்டுபுடிக்கறதுன்னா பாத்தத எழுதணும். நீ நெனச்சத எழுதுற."

உண்மைதான். போன மாதம் ஒரு பச்சை உப்பைக் கொடுத்தார். பச்சை என்றால் இரும்புதானே என்று ஒரு சோதனையும் செய்யாமல் எழுதி நீட்டினேன். அது நிக்கல். ஆனால் உண்மையை இத்தனை பேர் முன்னால் சொன்னால் கோபம் வராதா? வேலூருக்கு நான்தான் போவேன் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அந்த ஓர் இடம் எனக்கு வேண்டும். சந்திரகலாவைத் தாண்ட வேண்டும், ஒரே ஒரு தடவை.

டீச்சர் முதலில் எல்லோருக்கும் ஓர் எழுத்துத் தேர்வு வைத்து வடிகட்டினார். சந்திரகலா நாற்பத்தேழு, நான் நாற்பத்தாறு. கேட்கவும் வேண்டுமா! எங்கள் இரண்டு பேருக்கும் மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. ஆளுக்கு ஓர் உப்பு. சரியாகக் கண்டுபிடிக்கிறவள் வேலூருக்கு. இரண்டு பேரும் கண்டுபிடித்தால் யார் சுத்தமாகச் செய்தார்கள் என்று பார்த்து டீச்சர் முடிவு செய்வார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சந்திரகலா கேட்டாள்: "எங்க வீட்டுக்கு வரியா? சேந்து படிக்கலாம்."

"உனக்குப் பைத்தியமாடி? நாம ரெண்டு பேரும் போட்டி."

"போட்டி வெள்ளிக்கெழமதான? அதுக்கு மூணு வாரம் இருக்குது. தனியா படிச்சா எனக்குத் தூக்கம் வருது."

இப்படிப்பட்டவளிடம் என்ன சண்டை போடுவது, சொல்லுங்கள்.

பள்ளியில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் ஆய்வகம் திறப்பார்கள். அதனால் சந்திரகலா வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கிற கல் எங்கள் ஆய்வகமாயிற்று. மை பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டு, தச்சரிடம் பாலிஷ் போடுகிற ஸ்பிரிட் வாங்கி ஊற்றி விளக்கு செய்தோம். பாடப்புத்தகத்தில் அதற்குச் 'சாராய விளக்கு' என்று பேர் போட்டிருந்தது. நான் வீட்டில் அதைச் சத்தமாகப் படிக்கப்போய், அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "சாராயத்த கொளுத்தறீங்களா? பொம்பளப் பசங்க படிக்கிற படிப்பா இது?" அப்பா வேடியப்பன் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டே, "கொளுத்தட்டும் வுடு. குடிக்கறதுக்கு அது தேவல" என்றார்.

கரியமில வாயுவைச் சோதிக்கச் சுண்ணாம்பு நீர் வேண்டும். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்தோம். கண்ணாடிக் குழாய்க்குப் பதில் பப்பாளிக் காம்பு. ஆசிட்டுக்குப் பதில் எலுமிச்சம்பழம். உப்புகளுக்கு மட்டும் வேறு வழி இல்லை. தேரடித் தெருவில் சக்கரவர்த்தியின் நாட்டு மருந்துக் கடைக்குப் போனோம்.

"படிகாரம், மயில்துத்தம், வெடியுப்பு, சோடா உப்பு. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

சக்கரவர்த்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "இதையெல்லாம் ஒண்ணா துன்னச் சொல்லி எந்த வைத்தியரும்மா எழுதிக் குடுத்தது?"

"துன்றதுக்கு இல்லீங்க. கொளுத்திப் பாக்கறதுக்கு."

"வெடியுப்பையா!" மனிதர் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டார். "யாரு வூட்டுப் பொண்ணுங்க நீங்க?"

"பிளஸ் டூங்க" என்றாள் சந்திரகலா பயந்துபோய். அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அதில் அவர் சமாதானமாகிவிட்டார். "கொளுத்தும்போது தூரமா நின்னுக்குங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

நான் ஓர் உப்பைப் பொட்டலமாக மடித்து அவளுக்குக் கொடுப்பேன். அவள் எனக்கு ஒன்று கொடுப்பாள். நான் பொட்டலத்தைப் பிரித்ததுமே, "இது படிகாரம்" என்பேன். மரஸ்கேலால் முழங்கையில் ஒன்று வைப்பாள். "பாத்தியா, நெனச்சியா?" நாளுக்கு இருபது தடவை அந்தக் கேள்வி. கை சிவந்து போயிற்று. ஆனால் மூன்றாவது வாரம் நான் உப்பைத் தண்ணீரில் போட்டுக் கரைகிறதா என்று பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை.

அவளுக்கும் ஒரு கோளாறு உண்டு. ஓர் உப்பில் ஓர் அமில உறுப்பும் ஒரு கார உறுப்பும் இருக்கும், அவ்வளவுதான் எங்கள் பாடம். அந்த இரண்டும் கிடைத்த நிமிஷமே நோட்டை மூடிவிடுவாள். பாதிச் சோதனை பாக்கி இருக்கும்.

"மீதிய யாரு செய்யறது? உங்க மாமியாரா?" என்று கத்துவேன்.

"ரெண்டும் கெடச்சிடுச்சில்ல? அதுக்கு மேல இன்னா இருக்கப்போவுது?" என்று சிரிப்பாள். அவளுக்கு எப்போதும் சரியாகவே வந்தது. சரியாக வருகிறவளிடம் என்ன வாதாட முடியும்?

அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

மணியம்மாள் டீச்சர் வெள்ளிக்கிழமை தவறாமல் காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருவார். அங்கே கையில் தருகிற திருநீற்றைப் பழைய விடைத்தாள் ஒன்றைக் கிழித்து, நாலு மூலையும் மடித்து, பொட்டலம் கட்டிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். அன்றைக்கு முழுவதும் யார் எதிரே வந்தாலும் பிரசாதம் உண்டு. எங்களுக்கான உப்புகளையும் முந்தின நாளே அரைத்துத் தூளாக்கி, அதே பழைய விடைத்தாளில், அதே நாலு மூலை மடிப்பில் கட்டி அதே கைப்பையில் வைத்திருந்தார். அதெல்லாம் பிறகு தெரிந்த சேதி.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். நாலு மணித் தபாலில் பேர் போயாக வேண்டும், மூன்றரைக்குள் முடியுங்கள் என்றார்.

நோட்டில் முதல் வரி நிறம், மணம். நிறம் வெள்ளை, கொஞ்சம் சாம்பல் கலந்த வெள்ளை. மோந்து பார்த்தேன். கோயில் வாசனை. சீ, காலையில் டீச்சர் என் நெற்றியில் பூசினாரே அந்த வாசனையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். தண்ணீரில் போட்டேன், சரியாகக் கரையவில்லை. ஆசிட் விட்டேன், பொங்கியது. வந்த வாயு சுண்ணாம்பு நீரைப் பாலாக்கியது. கார்பனேட்! ஆக்சலேட் கரைசலில் வெள்ளை வீழ்படிவு, சுடரில் செங்கல் சிவப்பு. கால்சியம்! அரை மணியில் முடிந்தது. கால்சியம் கார்பனேட் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

பக்கத்து மேஜையில் சந்திரகலாவின் குழாயில் தங்கத் துகள் மினுமினுத்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்படி வந்தால் காரீயம். அவ்வளவு அழகாக அது வந்து நான் பார்த்ததே இல்லை. அவள் எழுதி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

என் குழாயைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் மண் மாதிரி நின்றிருந்தது. ஆசிட் இன்னும் விட்டேன். சூடு பண்ணினேன். அது அசையவில்லை. கால்சியம் கார்பனேட் என்றால் முழுக்கக் கரைந்திருக்க வேண்டுமே! சனியன் பிடித்த பொடி. பேனாவை மூடிவிட்டு மீதிச் சோதனைகளைச் செய்தேன். மாலிப்டேட் ஊற்றினால் மஞ்சள் வந்தது. பாஸ்பேட். அமில உறுப்பு இரண்டா? நீலக் கண்ணாடி வழியே சுடரைப் பார்த்தால் ஊதா தெரிந்தது. பொட்டாசியம். கார உறுப்பும் இரண்டா? சிவப்பு லிட்மஸ் நீலமாயிற்று. டீச்சரைக் கேட்கலாமா? கேட்டால், அவசரத்தில் எதையோ கொட்டிக் கலந்துவிட்டாய் என்பார். நான் எதையும் கொட்டவில்லை. அன்று அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன்.

பொடி கரைத்த தண்ணீரை விரலில் தொட்டுத் தேய்த்தேன். வழவழவென்றது. அந்த வழவழப்பு எனக்குத் தெரியும். பாத்திரம் துலக்கும்போது தினமும் கையில் படுகிற வழவழப்பு. சாம்பல்! அதற்குப் பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், டீச்சரின் கைப்பையைப் பார்த்தேன். இதை எழுதினால் என்ன ஆகும்? கால்சியம் கார்பனேட் என்று எழுதினால் பாதியாவது சரி. இப்படி எழுதி அது தப்பாகப் போனால், வேலூரும் இல்லை, என் மானமும் இல்லை.

ஆனால் நான் பார்த்தேனே! பார்த்ததை எப்படி இல்லை என்பது? ஒவ்வொரு சோதனையும் வரிசையாக எழுதினேன். கடைசியில் 'இது உப்பு அல்ல, சாணச் சாம்பல். திருநீறு என்று நினைக்கிறேன்' என்று எழுதி, 'என்று நினைக்கிறேன்' என்பதை அடித்துவிட்டுக் கொடுத்தேன்.

டீச்சர் படித்தார். முகம் சிவந்தது.

"கொழுப்பாடி உனக்கு? நான் குடுத்தது மக்னீசியம் சல்பேட். திருநீறுன்னு எழுதி சாமிய கிண்டல் பண்றியா?"

"நான் பாத்ததத்தான் டீச்சர் எழுதினேன்!"

"வாய மூடு. சந்திரகலா, உன் பேரத்தான் அனுப்பப்போறேன்."

கத்த வந்த கோபமெல்லாம் அழுகையாகத் திரண்டு நின்றது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை தங்கம்மாள் உள்ளே வந்தார். நாங்கள் பெரிய டீச்சர் என்போம். "இன்னாம்மா, பேர் முடிவாச்சா? தபால் போவணும்" என்றார்.

"ஆச்சு மேடம். மொதல்ல பிரசாதம் எடுத்துக்குங்க, வெள்ளிக்கெழம" என்று மணியம்மாள் டீச்சர் கைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். பெரிய டீச்சர் பேச்சு மும்முரத்தில் அதைப் பார்க்கவில்லை. மூன்று விரலால் எடுத்து நெற்றியில் இழுத்து, மிச்சம் ஒரு சிட்டிகையை வழக்கம்போல் வாயில் போட்டுக்கொண்டார். நெற்றியில் பூசியது நிற்காமல் மூக்கின் மேல் மினுமினுவென்று உதிர்ந்தது. முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"இன்னாம்மா மணியம்மா, அண்ணாமலையார் இன்னிக்கி இப்படிக் கசக்கறாரு?"

நான் மணியம்மாள் டீச்சர் கையிலிருந்த பொட்டலத்தைக் காட்டினேன்.

"டீச்சர், என் உப்பு அதோ அங்க இருக்குது" என்றேன்.

மணியம்மாள் டீச்சர் பொட்டலத்தைப் பார்த்தார், பெரிய டீச்சர் நெற்றியைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உப்பா? இன்னா உப்பு?" என்றார் பெரிய டீச்சர். அவர் வரலாறு எடுக்கிறவர்.

"மக்னீசியம் சல்பேட் மேடம்" என்றாள் சந்திரகலா மெல்ல.

"அப்படின்னா?"

"பேதி உப்பு மேடம்" என்றேன் நான்.

பெரிய டீச்சர் குழாயடிக்கு ஓடினார். கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றார். செத்தோம் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு சிட்டிகைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். நாங்களும் அடக்க முடியாமல் சேர்ந்துகொண்டோம்.

மணியம்மாள் டீச்சர் எழுந்தார். "என் தப்பு மேடம். இந்தப் பொண்ணு எழுதினது அத்தனையும் சரி. திட்டிட்டேன்" என்றார். என்னைப் பார்த்து, "மனசுல வெச்சிக்காதம்மா" என்றார். நான் பதினேழு வயசில் கேட்ட அவ்வளவு இனிப்பான சொல் வேறு இல்லை.

ஆனால் இடம் ஒன்றுதான். சந்திரகலாவும் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். வேறொரு நாள் தேர்வு வைக்க நேரமில்லை, தபாலுக்குக் கால் மணிதான். பெரிய டீச்சர் சந்திரகலாவைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லும்மா. இந்தத் திருநீறு உன் கைக்கு வந்திருந்தா இன்னா எழுதியிருப்ப?"

சந்திரகலா என் நோட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். "நானும் இதையே எழுதியிருப்பேன்" என்று சொல்லியிருந்தால் முடிந்தது கதை. யாருக்குத் தெரியப்போகிறது?

"கால்சியம் கார்பனேட்னு எழுதியிருப்பேன் மேடம்" என்றாள். "ரெண்டு கெடச்சதும் நிறுத்தியிருப்பேன். நான் எப்பவும் அப்படித்தான்." அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்து, "இவளே போவட்டும் மேடம்" என்றாள்.

என் பேர் தபாலில் போயிற்று. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது, அவள் முகத்தைப் பார்க்க முடியாமலும் இருந்தது. அவள் என் காதைப் பிடித்துத் திருகினாள். "தோத்துட்டு வந்த, தொலச்சிடுவேன். நாளைக்கி காலைல வீட்டுக்கு வா. வேலூர்ல ரெண்டு உப்பு கலந்து குடுப்பாங்களாம்."

அடுத்த பத்து நாளும் அவள் எனக்காக உப்பு கலந்தாள். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அடித்துக்கொண்டோம், சிரித்தோம், மறுபடி அடித்துக்கொண்டோம். அப்படி ஒரு சந்தோஷமான பத்து நாள் எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை.

வேலூரில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பரிசு எனக்கு. கையில் ஒரு சான்றிதழும் ஒரு கோப்பையும். மணியம்மாள் டீச்சர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கெல்லாம் அந்தக் கோப்பையைக் காட்டிக்கொண்டு வந்தார். நானோ போளூர் தாண்டியதிலிருந்து ஒரே யோசனை. சந்திரகலாவிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் போயிருந்தால் அவளுக்கு வந்திருக்கும். கோப்பையைப் பைக்குள் வைக்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி ஐந்து. சந்திரகலா நின்றிருந்தாள். எத்தனை மணியிலிருந்து நின்றாளோ. ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"இன்னாடி உப்பு குடுத்தாங்க?"

பரிசா, கிடைத்ததா, எத்தனாவது, ஒன்றும் கேட்கவில்லை.

"பேர சொல்லாத, பாத்தத மட்டும் சொல்லு. நான் கண்டுபுடிக்கறேன்" என்றாள்.

சொன்னேன். தண்ணீரில் பாதி கரைந்தது. கரைந்ததில் சில்வர் நைட்ரேட் விட்டால் தயிர் மாதிரி வெள்ளை. காரம் சேர்த்துச் சூடு பண்ணினால் மூக்கைத் துளைக்கிற நெடி. கரையாதது ஆசிட்டில் பொங்கியது. சுடரில் பச்சை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஜனங்கள் இடித்துக்கொண்டு போகிற நடுவில் நின்றாள்.

"அமோனியம் குளோரைடு. பேரியம் கார்பனேட்." கண்ணைத் திறந்தாள். "சரியா?"

"சரி."

"அப்ப ஃபர்ஸ்ட் பிரைஸ்தான்டி உனக்கு!" என்று கத்தினாள். கண்டக்டர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினாள். கோபக்காரியான நான் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதேன். அவள் என் தாவணித் தலைப்பாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னை இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"நம்ம லேப்ல பேரியமே கெடயாது. நான் பாத்ததே இல்ல. அந்தப் பச்சை எப்படி இருந்துச்சி?"

கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.